தண்ணீர் இல்லாத குற்றாலம்

1979 ஜூலை 9, திங்கட்கிழமை. வழக்கம்போல் சங்கரன்கோவிலில் எங்கள் கமிஷன் கடையின் பூட்டைத் திறந்தேன்; சம்சாரிகள் விளைவித்துக் கொண்டுவரும் மிளகாய் வத்தலையும் பருத்தியையும் எடை போட்டு விற்றுக் கொடுக்கிற கடை. சாமி படத்துக்குச் சூடம் காட்டினேன். பானையில் குடிதண்ணீர் நிரப்பினேன். தராசுத் தட்டுகளைத் துடைத்துவிட்டு, முதலாளியின் மேஜையில் படிந்திருந்த கரிசல் புழுதியைத் தட்டினேன். முதலாளி வந்து உட்கார்ந்தார். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் ஊதி அடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் எங்கள் எடைக்காரர் சாரல் அண்ணாச்சி ஒரு கையில் குடையும் மறு கையில் ஈரப் பையுமாக உள்ளே நுழைந்தார். முதலாளி குற்றால அருவியைப் பற்றித் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“என்னவே, தண்ணி எப்படி?”

அண்ணாச்சி குடையை மடக்கி மூலையில் சாத்தினார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், “தண்ணியே இல்ல முதலாளி” என்றார்.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்போம். இதை நம்ப முடியவில்லை.

ஏனென்றால், சாரல் அண்ணாச்சியைப்போல் ஓர் ஊரின்மேல் பித்துப் பிடித்த மனிதர் அன்றைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. கட்டிய மனைவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை புகழ்ந்து நான் கேட்டதில்லை. பெற்ற பெண்கள் இரண்டு பேரும் பரீட்சையில் பாஸானதைக்கூட யாராவது கேட்டால்தான் சொல்லுவார். குற்றாலத்தைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்லுவார். அவருடைய நிஜப் பெயரைச் சொன்னால் முதலாளிக்கே ஆள் அடையாளம் தெரியாது.

அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சங்கரன்கோவில்தான். வேர்க்குரு என்றால் அவருக்குச் சாதாரண வேர்க்குரு இல்லை. சித்திரையில் முதுகைப் பார்த்தால் குதிரைவாலியைக் கொட்டிப் பரப்பியதுபோல் இருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்து நின்று பாதி ஆயுள் போய்விட்டது என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால், மனைவி வழியில் ஒரு சித்தப்பாவுக்குக் குற்றாலத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அண்ணாச்சி அன்று மாலையே பாத்திரம் பண்டங்களைக் கட்டிவிட்டார்.

“இந்த ஊர்ல என்னவே இருக்கு? வெயிலு. வெயில வச்சு என்ன செய்ய? வத்தலா நாம?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

வேலையை விடவில்லை. காலையில் பாசஞ்சரில் வருவார், மாலையில் பாசஞ்சரில் போவார். வந்ததும் கடையில் அருவி நிலவரம் வாசிக்கப்படும். மெயின் அருவியில் வளைவைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளை, புலியருவியில் பிள்ளைகளை விடலாமா, எல்லாம் சொல்வார். திருவேங்கடத்திலிருந்து வத்தல் கொண்டுவந்த சம்சாரி எடை போடுவதை மறந்துவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். மேற்கே மலை மறைத்துக்கொண்டதால் எங்களுக்கு ஆனி ஆடியில் கிடைப்பதெல்லாம் காற்றும் புழுதியும்தான். அந்தப் புழுதிக்குள் அண்ணாச்சி விரித்த குடையோடு ரயிலடியிலிருந்து நடந்து வருவார்.

“அண்ணாச்சி, இங்கன மழை எங்க பெய்யுது?” என்று கேட்டால்தான் நிமிர்ந்து பார்த்து மடக்குவார்.

சீசனுக்கு மெட்ராஸிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து அவருக்கும் நாகரிகம் தொற்றியது. பெல்பாட்டம் போட்டு, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டு, மழைக்குள்ளும் கூலிங் கிளாஸோடு திரிகிற ஆட்கள் அவர்கள். ஒரு தடவை அவர்களில் யாரோ விட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் மழைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு தராசு முன்னால் நின்றார். குருவிகுளத்துச் சம்சாரி ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டு, “தலைல எதுவும் ஆபரேசனா?” என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார்.

குற்றாலத்துக்கு வேறு ஒரு முகமும் உண்டு என்பது அவருடைய பை வழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சீசனில் குற்றாலத்தில் துணி காயாது. துவைத்து உலர்த்திய சேலை மூன்றாம் நாளும் அப்படியே இருக்கும், வாடை மட்டும் கூடியிருக்கும். அதனால் அண்ணாச்சி வீட்டு ஈரத்துணி முழுவதும் தினமும் ரயிலேறிச் சங்கரன்கோவிலுக்கு வந்தது. கடை மொட்டை மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் ஓரத்தில் கொடி கட்டி உலர்த்துவார். துணியோடு நிற்கவில்லை. நமத்துப்போன அப்பளம், தலையணை, பூசணம் பூத்த இடுப்புவார், பெண்களின் பாடப்புத்தகம் என்று எல்லாம் வந்தது. ஒரு நாள் உப்பு ஜாடி வந்தது.

“வெயில வச்சு என்ன செய்யன்னு கேட்டீரேவே?” என்று முதலாளி ஒரு முறை கேட்டார்.

“ரெண்டு ஊரும் வேணும் முதலாளி. நனைய அங்க, காய இங்க” என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஒரு நாள் காற்றில் அவருடைய பனியன் கொடியிலிருந்து விழுந்து வத்தலுக்குள் மத்தியானம் முழுவதும் புரண்டு கிடந்தது. மாலையில் அதை உதறிப் போட்டுக்கொண்டு ரயிலேறினார். பாம்புக்கோவில் சந்தை தாண்டும்போதே ஆள் உட்காரவில்லையாம். தென்காசியில் இறங்கி, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் சட்டையும் வேட்டியுமாக நேரே மெயின் அருவிக்குள் போய் நின்றாராம். மறுநாள் வந்ததும் அவர் சொன்னது இதுதான்: “வேற ஊர்ல இருந்திருந்தா செத்திருப்பேம்வே. பக்கத்துல அருவி இருந்ததால பொழைச்சேன்.”

இப்படிப்பட்டவர்தான் அன்று தண்ணீரே இல்லை என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் டிபன் செட்டைத் திறக்கவே இல்லை. மூட்டைகளுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“வே, ஒம்மகிட்ட மட்டும் சொல்லுதேன். தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இந்த மாதிரி சீசன் நான் போயி இதுவரைக்கும் வரல.”

“பிறகு எதுக்கு இல்லைன்னிய?”

“ஒங்க மதினி பெட்டியக் கட்டிட்டா.”

சங்கரன்கோவிலில் குற்றாலம் போகிறவர்களுக்கு என்று ஒரு முறை உண்டு. தெரிந்தவர் வீடு அங்கே இருந்தால் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். சொன்னால் அந்நியமாக நினைத்ததாகிவிடும். தலையில் நல்லெண்ணெயை வழிய வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். அருவியில் குளித்தால் அகோரப் பசி எடுக்கும். அந்தப் பசியோடு தெரிந்தவர் வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் சாப்பிட்டால் அது தெரிந்தவருக்கு அவமரியாதை. அண்ணாச்சிக்குச் சங்கரன்கோவிலில் தெரியாதவர் கிடையாது. அதுவும் தினமும் காலையில் அருவி நிலவரம் வாசித்து, ஊரையே ஆசைகாட்டி அழைத்ததும் அவரேதான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று கூட்டம் வந்திருக்கிறது. கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் அருவியில் குளித்துவிட்டு வந்து, உடம்பு நடுங்குகிறது, குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, வெந்நீரும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சொல்லியிருக்கிறாள்:

“வார ஞாயித்துக்கெழம எவனாவது எண்ணெத்தலையோட இந்த வாசல்ல வந்து நின்னான்னா, நான் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு சங்கரன்கோவிலுக்குப் போயிருவேன். தெருக்குழாயில நின்னாலும் நிப்பேன். நீங்களும் ஒங்க அருவியும் இருந்துக்கிடுங்க.”

“வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாக அண்ணாச்சி.”

“வெளையாட்டுக்குன்னா டிரங்குப் பெட்டியில சேலைய மடிச்சு வப்பாளாவே? காயாத சேலைய?” என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவர் பட்ட பாட்டை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதில்லை. எடைக்காரருக்கு அந்தத் திறமை ஓரளவு வேண்டும். ஆனால் அருவியைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை. செவ்வாய்க்கிழமை, “ஐந்தருவியில ரெண்டுதான் விழுது, அதுவும் நூல் மாதிரி” என்று தொடங்கினார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா அந்த நூலு இருக்கே முதலாளி, வெள்ளிக்கம்பி கணக்கா...” என்று போய்விட்டார். நான் இருமினேன். நிறுத்திக்கொண்டார். புதன்கிழமை, தண்ணீர் இல்லை, காற்று மட்டும் இருக்கிறது என்றார். அந்தக் காற்றை வருணித்த வருணனையில் இரண்டு சம்சாரிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நேரம் விசாரித்தார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோய் வியாழக்கிழமை எல்லை மீறினார்.

“குரங்கெல்லாம் மலைய விட்டு எறங்கி வந்து குழாயடியில வரிசையில நிக்கி முதலாளி. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு. வெயிலு கொளுத்துது!”

சொல்லிவிட்டு, தண்ணீர் சொட்டுகிற பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

முதலாளி அதிகம் பேசுகிறவர் அல்ல. பையிலிருந்து படிக்கட்டு நெடுகச் சொட்டியிருந்த தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வத்தல் பதம் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். கொடியில் இரண்டு சேலை, நான்கு வேட்டி, இரண்டு பாவாடை, ஒரு ஜமுக்காளம். அண்ணாச்சி ஜமுக்காளத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“தண்ணியில்லாத ஊர்ல இது எப்படிவே நனைஞ்சுது?”

“கெணத்துல தொவைச்சது முதலாளி.”

“அங்கனதான் வெயிலு கொளுத்துதுன்னீரே. அங்கனயே காயப்போட வேண்டியதுதான?”

அண்ணாச்சி பிழிந்த கையோடு அப்படியே நின்றார். ஜமுக்காளத்திலிருந்து தண்ணீர் ஒழுகி வத்தல் பக்கம் ஓடியது. முதலாளி அதைக் காலால் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீராவே? தண்ணி பிரமாதமா விழுது. நாம போயிருவோம்னு மறைக்காரு. ஞாயித்துக்கெழம எல்லாரும் போறோம்.”

அவர் பார்வையில் இது நியாயம்தான். வேலை செய்கிற கடைக்கே தெரியாமல் ஒருவர் ஓர் அருவியை ஒளித்து வைத்திருப்பதாக அவருக்குப் பட்டது. அண்ணாச்சியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ‘என் மனைவி உங்களை வரவேண்டாம் என்கிறாள்’ என்று முதலாளியிடம் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் முதலாளி, அவருடைய மச்சினர், மூட்டை தூக்குகிற மாடசாமி, நான், நான்கு பேரும் ஏறினோம். எல்லார் தலையிலும் எண்ணெய். மச்சினர் காதுக்குள்ளும் விட்டிருந்ததால் எது சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடையநல்லூர் தாண்டியதும் மலை தெரிந்தது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார்.

தென்காசி பிளாட்பாரத்தில், சாரலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். விரிக்க வேண்டிய இடத்தில் குடை மடங்கியே இருந்தது.

“வாங்க முதலாளி. மொதல்ல இங்கன ஒரு ஓட்டல்ல...”

“வீடு இருக்கையில ஓட்டலாவே? தங்கச்சி என்ன நெனைக்கும்?” என்றார் முதலாளி.

பஸ்ஸில் அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெங்கும் சளசளவென்று தண்ணீர் ஓடியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பெண்களும் தலை சீவி, நல்ல பாவாடை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் தலைகளை வரிசையாகப் பார்த்தாள். மாடசாமியின் தலையில் எண்ணெய் அதிகம். சாரல் துளிகள் அதன்மேல் முத்து முத்தாக நின்றன.

“வாங்கண்ணாச்சி. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றாள் முதலாளியிடம்.

“சௌக்கியம் தங்கச்சி. பெட்டியெல்லாம் இருக்கே, ஊருக்கா?”

“அது சாயந்தரம். இப்ப அருவிக்கு.”

“எந்த அருவிக்கு?” என்று அண்ணாச்சி கேட்டார். பயத்தில் வேறு கேள்வி தோன்றவில்லை போலும்.

“எல்லா அருவிக்கும்தான். இந்த ஊருக்கு வந்து மூணு வருசமாச்சு. சீசன்ல ஒருநாள் நான் அருவியில நின்னிருக்கேனா? வாரவுகளுக்கு எல போட்டுக்கிட்டே கெடந்தா நான் எப்படிக் குளிக்க? நீங்க தெனம் குளிச்சிய. நான் தெனம் ஆக்குனேன்.”

அண்ணாச்சி எங்களை மறந்துவிட்டார். “ஒரு நாளுமா?” என்றார்.

“பங்குனியில ஒரு நாள் கூட்டிட்டுப் போனிய. அன்னைக்கு நெசமாவே தண்ணியில்ல.”

மச்சினர், “என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

மதினி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். “அரிசி பெரிய பானையில இருக்கு, பருப்பு டப்பாவுல இருக்கு, விறகு உள்ள இருக்கு. நான் சாயந்தரம் வருவேன். நாங்க மூணு பேரும் வந்து ஒக்காந்ததும் சோறு எலயில விழணும். விழுந்தா இந்த ஊரு. இல்லேன்னா சாயந்தரப் பாசஞ்சரு” என்றாள் அண்ணாச்சியிடம். பிறகு முதலாளியைப் பார்த்து, “தப்பா எடுத்துக்கிடாதிங்கண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் பெண்களோடு இறங்கிப் போய்விட்டாள்.

முதலாளி டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“அடுப்பு எங்கவே இருக்கு?”

அடுப்பு இருந்தது, அதைப் பற்றவைக்க வழியில்லை. தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிர்ந்தது. “தலமுடியில தேச்சா காஞ்சிரும்” என்று மாடசாமி ஒரு குச்சியைத் தன் தலையில் தேய்த்தான். அது எண்ணெயில் ஊறி வந்தது. முதலாளி தன் தலையில் தேய்த்தார், நான் என் தலையில் தேய்த்தேன், மச்சினர் என்னவென்று புரியாமலே தேய்த்தார். பெட்டியில் குச்சி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாச்சியைப் பார்த்தோம். அந்த வீட்டில் எண்ணெய் படாத தலை அது ஒன்றுதான்.

அவர் சாரலில் நனைந்த தலையைத் துண்டால் அழுத்தித் துவட்டிக்கொண்டு குனிந்து காட்டினார். முதலாளி முழங்காலிட்டு அந்தத் தலையில் குச்சியைப் பயபக்தியோடு தேய்த்தார். உரசினார். பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு நடந்ததைச் சமையல் என்று சொல்வது பொருத்தமில்லை. ஈர விறகு புகைந்தது. முதலாளி ஊதினார், அண்ணாச்சி ஊதினார். எண்ணெயும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. எவ்வளவு அரிசி போடுவது என்பதில் பெரிய சண்டை வந்தது. பொதி பொதியாய்ப் பருத்தி எடை போடுகிற எங்களுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு அளவு தெரியவில்லை. பானை பொங்கி அடுப்பு அணைந்து, மறுபடி அண்ணாச்சியின் தலை தேவைப்பட்டது. பருப்பு அடிப்பிடித்தது. குளிக்க வந்தவர்கள் நாங்கள். அருவியின் சத்தம் மட்டும் நாள் முழுவதும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

நான்கு மணிவாக்கில் மூவரும் திரும்பினார்கள். பெண்கள் இருவரும் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். மதினியின் கண்கள் சிவந்திருந்தன. கூந்தலைத் துண்டில் சுற்றியிருந்தாள். நேரே இலைமுன் உட்கார்ந்தாள். அண்ணாச்சி சோற்றை வைத்தார்; அது கரண்டியைவிட்டு இறங்க மறுத்தது. உதறி இறக்கினார். பருப்பை ஊற்றினார். நாங்கள் நான்கு பேரும் கரிபிடித்த முகத்தோடு சுவரோரம் நின்றோம்.

மதினி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள்.

“உப்பே இல்ல” என்றாள்.

அண்ணாச்சி வாசலில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தார்.

அவள் இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு இன்னொன்று. இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

“பேசாம நிக்கியளே, இன்னுங் கொஞ்சம் போடுங்க. பெறகு, மழ வலுக்குது, அந்தப் பெட்டிய எடுத்து உள்ள வையுங்க.”

பெட்டியைத் தூக்க மாடசாமி ஓடினான். அண்ணாச்சி அவனை விடவில்லை. ஒற்றை ஆளாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். சற்று நேரம் வெளியே வரவில்லை.

மாலை ரயிலில் நாங்கள் குளிக்காமலே திரும்பினோம். எண்ணெயில் புகையும் சாம்பலும் ஒட்டியிருந்ததால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடையநல்லூர் வந்தபோது முதலாளி, “நம்ம வீட்லயும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லவே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மச்சினர் மட்டும், “ஆமாமா, நல்ல தண்ணி” என்றார்.

மறுநாள் ஜூலை 16. கடைப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே மேலநீலிதநல்லூர்ச் சம்சாரி ஒருவர் வந்து நின்றார். குடும்பத்தோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறாராம். “நேத்து குத்தாலம் போனியளாமே, தண்ணி விழுதா?” என்றார்.

சூடம் காட்டுவதற்கு முன்னால், அன்றைக்கு நான் முதலில் பேசிய பேச்சு இதுதான்: “எங்கிட்டு விழ? எங்களப் பாத்தாத் தெரியலயா, குளிக்காமத் திரும்பிட்டோம்.”